ஜூலை 24-க்கு ஐந்தாவது வரி

என் அப்பா உக்கிரபாண்டி காணாமல் போன அன்று, அவருடைய நோட்டில் அந்தத் தேதிக்கு நான்கு வரிகள் இருந்தன.

1969 – நிலவுக்குப் போன மூவரும் பசிபிக் கடலில் வந்து இறங்கினர்.
1991 – டெல்லி. புதிய பொருளாதாரக் கொள்கை பட்ஜெட்.
1994 – மில் அணி, வத்திராயிருப்பு. 31–27. வெற்றி.
2021 – டோக்கியோ ஒலிம்பிக். பளு தூக்குதல். மணிப்பூர்ப் பெண்ணுக்கு வெள்ளி.

2025 ஜூலை 24, வியாழக்கிழமை. அவரைத் தேட இந்த நான்கு வரிகளை நம்பினேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வ. புதுப்பட்டி. அண்ணன்மார் இரண்டு பேரும் பட்டாளத்துக்குப் போனார்கள். அப்பாவை 1980-இல் ராஜபாளையத்து மில் ஒன்று கபடிக்காக எடுத்துக்கொண்டது. அப்போது மில்களுக்கு அணி இருந்தது. நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை உண்டு. அப்பா பிடிகாரர். எதிரணி ஆள் பாடி வரும்போது கணுக்காலைப் பிடித்து நிறுத்துவது அவர் வேலை. அதே அணியில் பாடிப் போகிறவர் சங்கரலிங்கம். தாய் தகப்பன் இல்லாதவர், கல்யாணம் ஆகாதவர். இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள்.

1988-இல் ஒரு நாள் ஆட்டம் முடிந்து அணியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் இருக்கும் செண்பகத்தோப்பு ஓடையில் குளிக்கப் போனார்கள். கூப்பிட்டது அப்பா. சங்கரலிங்கம் பாறையில் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் அடி. அன்று மாலையே இறந்துவிட்டார். அப்பா இதை எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். "வாலே குளிச்சிட்டு வருவோம்னு நாந்தான் சொன்னேன்" என்றதோடு நிறுத்திவிட்டார்.

அந்த ஆண்டுதான் நோட்டு தொடங்குகிறது. 366 பக்கம், தேதிக்கு ஒரு பக்கம். ஜூலை 10-இல் 1806 வேலூர்ச் சிப்பாய்களின் எழுச்சி. ஜூன் 25-இல் 1983 உலகக் கோப்பை. டிசம்பர் 23-இல் 1964 தனுஷ்கோடிப் புயல். ஒரு செய்தியை இரண்டு இடத்தில் சரிபார்க்காமல் ஏற்ற மாட்டார். நூலகத்தில் ஒன்று, பேப்பரில் ஒன்று. இவற்றுக்கு நடுவே மில் அணியின் ஆட்டங்களும் அதே கையெழுத்தில், அதே அளவில் இருக்கும். உலகக் கோப்பைக்கு ஒரு வரி, மம்சாபுரத்தில் தோற்ற ஆட்டத்துக்கும் ஒரு வரி.

முழங்கால் போனபின் அவரை ஆள் வருகை பதியும் டைம் ஆபீசில் போட்டார்கள். அங்கே வாசலில் ஒரு கரும்பலகை சும்மா கிடந்தது. காலை ஷிஃப்டுக்கு ஆள் வருமுன் அதில் 'இன்று' என்று தலைப்பிட்டு நோட்டிலிருந்து மூன்று நான்கு வரிகள் எழுதுவார். முதல் நாள் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்தான் அவருக்கு வரைவுத் தாள். அதில் பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சாக்பீஸ் எடுப்பார்.

பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் வேலை பார்த்த பால்சாமி மாமா 1990-இல் மில்லுக்கு வந்தவர். அவருக்குத் தினமும் அந்தப் பலகையடியில் ஒரு வம்பு வேண்டும்.

"ஏலே உக்கிரம், இன்னைக்கு எவன் செத்தான், எவன் ஜெயிச்சான்?"

"படிக்கத் தெரிஞ்சா படிலே. இல்ல, கார்டு அடிச்சிட்டு உள்ள போ."

"ஒலகத்துல நடந்த அம்புட்டையும் எழுதுத. மில்லுக்கு என்னைக்கு லீவுன்னு ஒரு நாளாவது எழுதியிருக்கியா?"

"நீ வேலை பாத்த நாளுன்னு ஒண்ணு வரட்டும். அதை நோட்டுல ஏத்துதேன்."

இப்படி இருபத்தாறு ஆண்டுகள். 2016-இல் ஓய்வு பெற்றபோது ஒரு பலகையை வாங்கி எங்கள் வீட்டு வாசல் சுவரில் மாட்டினார். தெருவில் போகிறவர்கள் நின்று படித்தார்கள். சிலர் தப்புக் கண்டுபிடிக்கவே நின்றார்கள். கிடைக்கவில்லை.

2021-இல் அம்மா இறந்தாள். அவள் இருந்தவரை அமாவாசை, கார்த்திகை, விரதம் எல்லாம் அவள் சொல்வாள். அவள் போனபின் அடுக்களைக் காலண்டரில் நான் தேதியை மட்டும்தான் பார்த்தேன்.

2022-இல் அப்பாவுக்கு மறதி தொடங்கியது. மூளைக்குப் போகும் சிறிய ரத்தக் குழாய்கள் அடைபட்டு வருகின்றன என்றார் மருத்துவர். படிப்படியாகக் கூடும், திரும்பாது. நான் மதுரையில் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வாரம் இரண்டு நாள் மட்டும் நேரில் வருவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டு ராஜபாளையம் திரும்பினேன். நான் போகும் நாட்களில் சண்முகத்தாய் அத்தை புதுப்பட்டியிலிருந்து வந்து இருப்பாள். அப்பாவின் தங்கை.

மகள் என் பெயர்தான் முதலில் போயிற்று. பிறகு நான் அவருக்கு 'டைம் ஆபீஸ் பிள்ள' ஆனேன். ஆனால் நோட்டு போகவில்லை. அதை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருப்பது அன்றே நடக்கிறது என்று நம்பினார். ஜூன் 25 அன்று காலையிலிருந்து ரேடியோ கேட்டார்.

"இன்னும் முடியலையா?"

"முடிஞ்சிட்டுப்பா. ஜெயிச்சாச்சு."

"எம்புட்டுல?"

"நாப்பத்து மூணு ரன்."

"அப்போ போர்டுல ஏத்திருங்க பிள்ள. நேரம் ஆகுதுல்லா."

2024 நவம்பரில் ஒரு நாள் காணாமல் போனார். அன்றைய பக்கத்தில் 'சிவகாசி, அரையிறுதி' என்று இருந்தது. சிவகாசி பேருந்து நிலையத்தில் கிடைத்தார். 2025 பிப்ரவரியில் மறுபடி. பக்கத்தில் சங்கரன்கோவில். சங்கரன்கோவில் மைதானத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். விதி எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். இரண்டே இரண்டு அளவீடுகள். ஆய்வகத்தில் யாராவது இரண்டு புள்ளிகளை வைத்துக் கோடு போட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நோட்டு முழுவதையும் கணினியில் ஏற்றினேன். ஒரு சிறிய புரோகிராம். காலை ஐந்தரைக்கு ஸ்பீக்கர் அன்றைய வரிகளை வாசிக்கும். ஒரு பெயரைத் தட்டினால் அது எந்தத் தேதியில் இருக்கிறது என்று காட்டும். அப்பா கையில் இருக்குமிடம் காட்டும் கடிகாரமும் கட்டினேன்.

ஜூலை 24, காலை ஐந்தரை. ஸ்பீக்கர் நான்கு வரிகளையும் வாசித்தது. 5:50-க்குக் குளிக்கப் போனேன். 6:05-க்கு வந்து பார்த்தால் அப்பா இல்லை. கடிகாரம் டிவி மேல் சார்ஜில் கிடந்தது. போட்டது நான். கழற்றிக் கட்டிவிட மறந்ததும் நான். வாசல் பலகை துடைத்து ஈரமாக இருந்தது. ஒரு எழுத்தும் இல்லை. அடுக்களைக் காலண்டரில் 25 என்று இருந்தது. ஒரு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டார், தேதியும் குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பிறகு பக்கத்தைப் பார்த்தேன். பசிபிக் கடல். டெல்லி. வத்திராயிருப்பு. டோக்கியோ. பஸ்ஸில் போகக்கூடிய இடம் ஒன்றுதான்.

பால்சாமி மாமாவுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் டிவிஎஸ்ஸில் வந்துவிட்டார். அவர் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வத்திராயிருப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே போகும்போது மணி ஏழரை. ஆண்டாள் கோயிலில் ஆடிப்பூரத் திருவிழா. அன்று ஐந்து கருட சேவை. போதாததற்கு ஆடி அமாவாசை. சதுரகிரி மலைக்குப் போகிற கூட்டம் வேறு பேருந்து நிலையத்தை அடைத்துக்கொண்டு நின்றது. எனக்கு அன்று அமாவாசை என்றால் கூட்டம், அவ்வளவுதான். தேடுவதைக் கடினமாக்கும் ஒரு காரணம்.

போலீஸ் உதவிக் கூண்டில் மைக் இருந்தது. காவலர் கேட்டார்.

"என்ன வயசும்மா?"

"அறுபத்தேழு. வெள்ளை வேட்டி. நீலக் கட்டம் போட்ட சட்டை. மறதி வியாதி சார்."

"பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாப்பாரா?"

பால்சாமி மாமா குனிந்து சொன்னார்.

"உக்கிரபாண்டின்னா பாக்க மாட்டான் சார். 'மில் டீம் மைதானத்துக்கு வரவும்'னு சொல்லுங்க. எங்க இருந்தாலும் வேட்டிய மடிச்சிக் கெட்டிட்டு வந்துருவான்."

காவலர் சிரிக்கவில்லை. அப்படியே மூன்று முறை அறிவித்தார். யாரும் வரவில்லை.

தேநீர்க் கடைக்காரர் ஒருவர், நீலச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் ஏழே காலுக்கு வத்திராயிருப்புப் பஸ்ஸில் ஏறியதாகச் சொன்னார். நான் எதிர்பார்த்த பதில் அது. அதனால் வேறு யாரிடமும் கேட்கவில்லை.

8:50, வத்திராயிருப்பு. 1994-இல் ஆட்டம் நடந்த திடலில் மலைக்கு வந்தவர்களின் வேன்கள் நின்றன. ஒவ்வொரு வேனாகப் பார்த்தோம். வேனுக்கடியில் படுத்திருந்தவர்களையும் பார்த்தோம். எத்தனை நீலச் சட்டைகள்! ஒரு பெரியவரை ஓடிப்போய்த் தோளைத் தொட்டுத் திருப்பினேன். பயந்துபோய்ப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வ. புதுப்பட்டியில் அத்தை வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரி சொன்னாள், "விடியக்காலமே மலைக்குப் போயிட்டாவ. இனி எறங்கி வந்தாத்தான் போன் எடுக்கும்." மலையில் சிக்னல் கிடையாது. முயன்றேன். பதினாறு முறை.

மணி 11:20. வெயில் ஏறிவிட்டது. அப்பா காலையில் எதுவும் சாப்பிடவில்லை. ரத்த அழுத்த மாத்திரை போடவில்லை. தாகம் எடுத்தால் கேட்கவும் தெரியாது. மூன்று மாதமாக நான்தான் மணி பார்த்துத் தண்ணீர் கொடுக்கிறேன். இதையெல்லாம் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தபோது பால்சாமி மாமா வண்டியை ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்தினார்.

"ஏட்டி வெங்கடேசுவரி, எனக்கென்னமோ செண்பகத்தோப்புக்கு ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்னு தோணுது."

"ஏன் மாமா?"

"அவன் வருசா வருசம் அங்க போவாம்லா. அந்தச் சங்கரலிங்கம் பய செத்த எடம். நான் கூடப் போனதில்ல. கூப்பிட மாட்டான். ஆடி மாசந்தான், அது தெரியும்."

"ஆடியில என்னைக்கு?"

"நாளெல்லாம் எனக்கு எங்க தெரியும்? நான் மில்லுக்கு வாரதுக்கு முன்னாடி நடந்தது."

நான் போனை எடுத்தேன். சங்கரலிங்கம் என்று தட்டினேன். ஒரே ஒரு பதிவு. ஆகஸ்ட் 12. '1988 – சங்கரலிங்கம்.' வேறு ஒரு சொல் இல்லை. திரையை அவரிடம் காட்டினேன்.

"ஆகஸ்ட் 12 மாமா. இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு. அங்க போயிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள இங்க எங்கயாவது விழுந்துட்டாருன்னா?"

அவர் திரையையே பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்து தெரியாது.

"நீ படிச்ச பிள்ள. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று வண்டியை மிதித்தார்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் வீண். மலையடிவாரம் வரை போனோம். இரண்டு மணிக்குக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். அடையாளத்தில் 'இடது முழங்காலில் தையல் தழும்பு' என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. இது உயிரோடு இருப்பவரைத் தேட எழுதுகிற அடையாளம் இல்லை என்று பட்டது. அடித்துவிட்டு 'கபடிக்காரர்' என்று எழுதினேன். எழுத்தர் ஏறிட்டுப் பார்த்தார்.

3:35. அத்தை கூப்பிட்டாள். மலையிலிருந்து இறங்கியதும் தவறிய அழைப்புகளைப் பார்த்திருக்கிறாள்.

"என்னட்டி, இத்தன போனு? அண்ணனுக்கு என்ன?"

"காலையிலேர்ந்து காணோம் அத்தை. வத்திராயிருப்புல தேடிட்டு இருக்கோம்."

"வத்திராயிருப்புல ஏன் தேடுதிய? இன்னைக்கு அமாவாசைலா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அடிப் பாவி, ஆடி அமாவாசைக்கு அவிய செண்பகத்தோப்புலல்லா இருப்பாவ! அந்தப் பையனுக்கு எள்ளும் தண்ணியும் எறைக்க நாதி ஏது? அண்ணன்தான் எறைக்கும். ஒங்கம்மா செம்பு எடுத்துக் குடுத்து அனுப்புவா. போன வருசம் நாந்தான் கூடப் போனேன். இந்த வருசம் ஒனக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

"அது ஆகஸ்ட் பன்னெண்டு அத்தை."

"தேதிய யாருட்டி கேட்டா? செத்தவங்களுக்கு ஏது தேதி? திதிதான்."

1988 ஆகஸ்ட் 12. ஆடி 28. அன்றும் ஆடி அமாவாசை. இதைக் கண்டுபிடிக்க அந்த நேரத்தில் எனக்கு அரை நிமிடம் ஆயிற்று. அந்த அரை நிமிடத்தைக் காலை 6:05-க்கோ 11:20-க்கோ செலவழித்திருக்கலாம்.

டிவிஎஸ்ஸை அங்கேயே போட்டுவிட்டு ஒரு கார் பிடித்தோம். சதுரகிரியிலிருந்து திரும்பும் கூட்டம், ஸ்ரீவில்லிபுத்தூரில் கருட சேவைக் கூட்டம். பஜாரைத் தாண்டவே இருபது நிமிடம். ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பால்சாமி மாமா முன்சீட்டில் உட்கார்ந்து 'கொஞ்சம் வழி விடுங்கய்யா' என்று கண்ணாடிக்குள் இருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். யாருக்கும் கேட்டிருக்காது.

செண்பகத்தோப்புக்கு 4:55-க்குப் போய்ச் சேர்ந்தோம். ஓடைக்குப் போகும் பாதையில் ஒரு மாந்தோப்பு. அங்கே காவலிருக்கும் இசக்கிமுத்து என்பவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நீலச் சட்டைப் பெரியவரா? ஓடைல இருக்காரு. காலைலயே வந்துட்டாரு. வில்லிபுத்தூர்லேர்ந்து நடந்தே வந்தேன்னாரு."

"எப்போ பாத்தீங்க?"

"ஒன்றரை இருக்கும். எள்ளு எறைச்சு முடிச்சிட்டு உக்காந்திருந்தாரு. கஞ்சி குடுத்தேன், வேண்டாம்னுட்டாரு. விரதமாம். வீட்டுல விட்டுட்டு வரட்டுமான்னேன். ஆளு வரும்னாரு. 'எம்மக தேதி பாத்து வந்துருவா'ன்னாரு."

என் பெயர் தெரியாது. மகள் இருப்பது தெரிந்திருக்கிறது.

அப்பா ஒரு பாறையில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மாவின் பித்தளைச் செம்பு, கவிழ்த்து வைத்தது. வாழையிலைத் துண்டு. எள். ஓடையில் தண்ணீர் ஓடியது. கைக்கு எட்டும் தூரம். அவர் குடித்த மாதிரித் தெரியவில்லை. உடம்பில் சூடு இருந்தது. அது வெயில் பட்ட சூடா, உயிர் இருந்த சூடா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மார்பை அழுத்தினேன். நிறுத்தாமல் அழுத்தினேன். பால்சாமி மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

உயிர் போனது மூன்று மணிக்கு முன்பின் என்றார் மருத்துவர். வெயிலும் நீர்க்குறைவும், இதயம் தாங்கவில்லை. 11:20-க்கு மாமா சொன்னபடி கிளம்பியிருந்தால் பன்னிரண்டரைக்கு அங்கே இருந்திருப்போம். இந்தக் கழித்தலை நான் தினமும் போட்டுப் பார்க்கிறேன். விடை மாறவில்லை.

சட்டைப் பையில் காலண்டர் தாள் இருந்தது. 24-ஆம் தேதித் தாள். ஓரத்தில் அமாவாசையின் கறுப்பு வட்டம். பின்பக்கம் பென்சிலால் வரைவு.

'இன்று. சங்கரலிங்கம். கடைசி ஆட்டம் 11 புள்ளி. அதில் ஒன்று கூடக் காணாமல் போகக் கூடாது.'

முப்பத்தேழு ஆண்டுகளில் எந்தப் பலகையிலும் அவர் எழுதாத வரி.

காரியம் முடிந்து அத்தை ஊருக்குக் கிளம்பியபோது, அடுத்த வருஷம் ஜூலை 24 என்ன கிழமை என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் தேதியா பாக்க?" என்றாள்.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"அண்ணனுக்கும் ஆடி அமாவாசைதான். அந்தப் பையனுக்கும் அதே நாளு. ரெண்டு பேருக்கும் சேத்தே எறைச்சிரு."

"பொம்பள எறைக்கலாமா அத்தை?"

"கூடாதும்பாவ. அவியள வந்து எறைக்கச் சொல்லு பாப்போம்."

பிறகு அழுதாள். "மலைக்குப் போகாம இருந்திருக்கணும்ட்டி" என்றாள். பால்சாமி மாமாவும், நான் சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாது என்று இப்போது சொல்கிறார். ஆளுக்கொரு கணக்கு. யாருடையதும் என்னுடையதைக் குறைக்கவில்லை.

நோட்டில் ஜூலை 24-க்கு ஐந்தாவது வரியை நான் எழுதவில்லை. புரோகிராமில் திதி என்று ஒரு கூடுதல் பத்தி சேர்த்தேன். 366 பக்கத்திலும் உள்ள எல்லாப் பதிவுகளுக்கும் கணக்கிட்டேன். பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பத்தி தேவைப்பட்டது ஒரே ஒரு பதிவுக்குத்தான்.

அப்போது இன்னொன்றும் தெரிந்தது. திதியும் தேதியும் பத்தொன்பது ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே இடத்தில் வந்து சேரும். 1988, 2007, 2026. இந்த ஆண்டு ஆடி அமாவாசை ஆகஸ்ட் 12, புதன்கிழமை. அப்பா இன்னும் ஓர் ஆண்டு இருந்து, அந்த நாளில் காணாமல் போயிருந்தால், என் பழைய புரோகிராமே சரியான இடத்தைக் காட்டியிருக்கும்.

அன்று காலை ஐந்தரைக்கு ஸ்பீக்கர் ஒரே ஒரு பெயரை வாசிக்கும். செம்பைத் துலக்கி வைத்திருக்கிறேன். இசக்கிமுத்துவுக்குப் போன் செய்து, ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன் என்று சொன்னேன்.

"அம்புட்டுக் காலையிலயா? எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"போன தடவை பிந்திட்டேன்" என்றேன்.